ஷார்ட் ஷிஃப்டருக்கு முன்னால் புஷ்: சிட்டி கோல்ஃபின் கியர் இணைப்பைச் சீர்செய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த ரோபோவிலும் (போக்குவரத்து விளக்கை இந்த நாட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்) பக்கத்தில் வந்து நிற்கும் பழைய ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃபுக்குள் எட்டிப் பார்த்தால், ஓட்டுபவரின் இடது கை முதல் கியரைத் தேடித் துழாவிக்கொண்டிருப்பதைக் காணலாம். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் உருவான இந்தக் கார், டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தது. எஞ்சின் இன்னும் ஓடுகிறது, உடலில் துரு அரித்த இடங்களுக்குத் தகடு வைத்தாகிவிட்டது, ஆனால் கியர் லீவர் மட்டும் கஞ்சிப் பானைக்குள் நிற்கும் அகப்பையைப் போல நாலா பக்கமும் சாய்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், பளபளக்கும் ஷார்ட் ஷிஃப்டர் (கியர் மாற்றும்போது லீவர் நகரும் வீச்சைக் குறைக்கும் லீவர்) ஒன்றை வாங்கிப் பொருத்துவது. நானும் அதையே செய்தேன். வேலை செய்த வரிசை தவறு என்று பிறகு தெரிந்தது.

புதிய ஷிஃப்டரை மாட்டிய மறு வாரம், மாநகரை விட்டு வெளியே செல்லும் ஏற்றம் ஒன்றில் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு இறக்க முயன்றேன். லீவர் நான்கில் விழாமல் பக்கத்து வரிசையில் இருந்த இரண்டில் விழுந்தது. கிளட்சை விட்ட கணத்தில் எஞ்சின் அலறியதும், முன் சக்கரங்கள் கீச்சிட்டதும், பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் பார்த்ததும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்த வேகத்தில் எஞ்சினின் வால்வுகள் வளையாமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம். மறுநாள் காரைக் கொண்டுபோய்க் காட்டியபோது வயதான மெக்கானிக் ஒருவர் கீழே படுத்து ஒரு கம்பியைக் கையால் அசைத்துக் காட்டிவிட்டு, "லீவரை மாத்தினியே தம்பி, கீழ இருக்கிற ஆட்டத்தை யாரு மாத்துவா?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சிட்டி கோல்ஃபில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்புறம் குறுக்காக அமர்ந்திருக்கின்றன. லீவரோ இரு இருக்கைகளுக்கும் நடுவே இருக்கிறது. இடையிலுள்ள தூரத்தைக் கேபிள் அல்ல, இரும்புக் கம்பிகள் கடக்கின்றன. லீவரின் அடிமுனைக்குச் சற்று மேலே உள்ள குண்டு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. லீவரின் அடிமுனை ஒரு புஷ் (அசையும் மூட்டுக்குள் பொருத்தும் குழல் போன்ற சிறு துண்டு) வழியாக நீண்ட கம்பியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கம்பி, புகைக்குழாய்க்கு மேலே, காரின் அடிப்பள்ளம் வழியாக முன்னோக்கி ஓடி, தன்னைத் தாங்கும் இன்னொரு புஷ்ஷைக் கடந்து, ஸ்டீயரிங் ரேக்கை ஒட்டியுள்ள திருப்பு லீவரை அடைகிறது. அங்கிருந்து இரு முனைகளிலும் பிளாஸ்டிக் கிண்ணம் கொண்ட குட்டைக் கம்பிகள், அசைவைக் கியர்பாக்ஸில் கியரைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் தண்டுக்குக் கொண்டுசெல்கின்றன. ஆக, உங்கள் கைக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவே குறைந்தது ஆறு மூட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது.

இப்போது ஒரு சிறு கணக்கு. இந்த அளவுகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் காரில் அளந்து பார்த்துக்கொள்ளலாம். குண்டுக்கு மேலே லீவரின் நீளம் 300 மில்லிமீட்டர், கீழே 60 மில்லிமீட்டர் என்று கொண்டால், அடியில் உள்ள அசைவு கைப்பிடிக் குமிழில் ஐந்து மடங்காகத் தெரியும். ஆறு மூட்டுகளிலும் தலா 0.4 மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தால் மொத்தம் 2.4 மில்லிமீட்டர், குமிழில் அது 12 மில்லிமீட்டர். ஒரு கியர் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அதில் பத்தில் மூன்று பங்கு வெறும் ஆட்டத்துக்கே போய்விடுகிறது. ஷார்ட் ஷிஃப்டர் என்ன செய்கிறது? குண்டை 20 மில்லிமீட்டர் மேலே நகர்த்தி, மேல்கையை 280, கீழ்க்கையை 80 என்று மாற்றுகிறது. ஐந்து மடங்கு மூன்றரை மடங்காகிறது, வீச்சு முப்பது சதவீதம் குறைகிறது. ஆட்டமும் 12 மில்லிமீட்டரிலிருந்து 8.4 ஆகக் குறைவதால் கைக்கு இறுக்கமாகத் தோன்றும். கடைக்காரர்கள் விற்பது இந்தத் தோற்றத்தைத்தான். ஆனால் வரிசை இடைவெளியும் 40-லிருந்து 28 ஆகச் சுருங்கிவிட்டது. பத்தில் மூன்று பங்கு அப்படியே இருக்கிறது. தவறு செய்யக் கைக்குக் கிடைக்கும் இடம்தான் குறைந்திருக்கிறது. மேலும், அதே கியரைப் போடக் கை தரவேண்டிய விசை ஏறத்தாழ நாற்பத்து மூன்று சதவீதம் கூடுகிறது. லீவரின் குண்டைத் தாங்கும் பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு விரிசல் இருந்தால் அந்தக் கூடுதல் அழுத்தம் அதைப் பெரிதாக்கக்கூடும். எனவே முதலில் புஷ்கள், பிறகு சரிக்கட்டல், வேண்டுமானால் கடைசியில் ஷிஃப்டர்.

பொருள் வாங்குவதற்கு முன்னால் கோளாறு புஷ்களில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, லீவரை இடவலமாக அசைத்துப் பாருங்கள். காரின் அடியில் இருக்கும் இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரலை வைத்தால், எங்கே ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ அந்த மூட்டு தேய்ந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் லீவர் தானாக முன்னும் பின்னும் நகர்ந்தால், குற்றவாளி புஷ் அல்ல, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட். அது கிழிந்திருந்தால் எஞ்சின் புரளும், கம்பிகளும் கூடவே புரளும், சில சமயம் கியர் தானே கழன்றுவிடும். நின்ற இடத்தில் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை என்று பொருள். கேபிளின் சரிக்கட்டலைப் பாருங்கள். காலைக் குளிரில் இரண்டாம் கியர் மட்டும் உறுத்தி, கார் சூடானதும் சரியாகிவிட்டால், அது கியர்பாக்ஸுக்குள், கியர் விழும் முன் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையத்தின் மூப்பு. அதற்கு வெளியே எத்தனை புஷ் மாற்றினாலும் பயன் இல்லை. கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவையும் இந்தச் சந்தர்ப்பத்தில் பார்த்துவிடுங்கள். பித்தளைச் சிங்க்ரோ வளையங்கள் உள்ள இந்தக் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர எண்ணெய்தான் பொருத்தம். ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளைக்கு நல்லவை அல்ல.

அடுத்து, எந்தப் பொருளாலான புஷ் என்பது. இதில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது, ஏனென்றால் டர்பனின் காற்று சாதாரணக் காற்று அல்ல. கடலோரத்தில் நிறுத்தும் காரின் அடிப்பகுதி ஆண்டில் பெரும்பகுதி ஈரத்திலும் உப்பிலும் ஊறுகிறது. நைலான் ஈரத்தை உறிஞ்சி வீங்கும் பொருள். வறண்ட பட்டறையில் சரியாகப் பொருந்திய நைலான் புஷ், மழைக்காலத்தில் கம்பியைக் கவ்விப் பிடிக்கக்கூடும். டெல்ரின் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் அசிட்டால் பிளாஸ்டிக், தண்ணீரிலேயே கிடந்தாலும் தன் எடையில் ஒரு சதவீத அளவுக்குத்தான் ஈரத்தை ஏற்கும், வழவழப்பும் அதிகம். கம்பியைத் தாங்கும் புஷ்ஷுக்கும் லீவரின் அடி புஷ்ஷுக்கும் என் தேர்வு அதுதான். பாலியூரித்தேன் ரப்பரைவிடக் கடினமானது, எஞ்சின் அதிர்வை ஓரளவு விழுங்கக்கூடியது, ஆனால் சிலிக்கான் கிரீஸ் இல்லாமல் பொருத்தினால் ஒவ்வொரு கியருக்கும் எலி போலக் கீச்சிடும். வெண்கலப் புஷ் நீண்ட நாள் உழைக்கும், அடிக்கடி கிரீஸ் கேட்கும். குட்டைக் கம்பிகளின் பிளாஸ்டிக் கிண்ணங்களுக்குப் பதிலாகப் பந்தயக் கார்களில் வரும் இரும்பு ராட் எண்டுகளை (குண்டு மூட்டுகளை) சிலர் பொருத்துகிறார்கள். ஆட்டம் அறவே போய்விடும் என்பது உண்மை. எஞ்சினின் ஒவ்வொரு நடுக்கமும் உள்ளங்கைக்கு வந்து சேரும் என்பதும் உண்மை. தினமும் வேலைக்குப் போகும் காருக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன். கிண்ணங்களைப் புதிய பிளாஸ்டிக்கிலேயே விட்டு, மற்ற இரண்டு புஷ்களை அசிட்டாலாக மாற்றினால் போதும்.

நான் வாங்கிய தொகுப்பில் கம்பி புஷ்ஷின் துளை கம்பியைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. பழைய ஆட்டத்தைப் புதிய பொட்டலத்தில் விற்றிருந்தார்கள். எனவே வாங்கும் இடத்துக்கு விட்டம் அளக்கும் கேலிப்பர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் அசிட்டால் தடி ஒன்றை வாங்கிக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்துகொள்ளலாம். அப்போது பழைய புஷ்ஷின் அளவைக் கொடுக்காதீர்கள், அது தேய்ந்த அளவு. கம்பியின் தேயாத இடத்தில் விட்டத்தை அளந்து, அதைவிடத் துளை 0.1 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கம்பியிலேயே புஷ் உராய்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், புதிய புஷ் சில மாதங்களுக்கு மேல் தாங்காது; கம்பியையும் மாற்ற வேண்டும். உற்பத்தியான இருபத்தைந்து ஆண்டுகளில் பாகங்களில் மாறுதல்கள் வந்திருக்கின்றன. ஆண்டைச் சொல்லி வாங்குவதைவிடப் பழைய துண்டைக் கையில் எடுத்துச்சென்று ஒப்பிட்டு வாங்குவதே மேல்.

வேலைக்கு வருவோம். சமதளத்தில் காரை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் இணைப்பையே கழற்றப்போவதால் கியரில் போட்டுக் காரை நிறுத்தும் வசதி இப்போது இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். ஜாக்கால் தூக்கிய பின் ஆக்சில் ஸ்டாண்டுகளில் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கட்டடம் கட்டும் சிமெண்டுக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தும் பழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. அந்தக் கல் எச்சரிக்கை கொடுத்துவிட்டு உடையாது. புகைக்குழாய் முழுதாக ஆறட்டும்.

காருக்குள் குமிழைத் திருகிக் கழற்றி, தோல் உறையை மேலே இழுத்தெடுங்கள். லீவரைத் தாங்கும் தட்டும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் தெரியும். கழற்றுவதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். தட்டு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அடியில் நீண்ட கம்பியும் அதன் முனைத் துண்டும் சேரும் கிளாம்பிலும், இரண்டு பக்கமும் தொடும்படி ஒரு கோடு போடுங்கள். இந்த இரண்டாவது கோடு பின்னால் உங்களுக்கு அரை நாளை மிச்சப்படுத்தும். பிறகு கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் வட்டத்தகடும் அவற்றைப் பிடித்திருக்கும் வளையக் கவ்வியான சர்கிளிப்பும் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் பிறகு நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடிவதில்லை.

அடியில், குட்டைக் கம்பிகளின் கிண்ணங்களை அகலமான ஸ்குரு டிரைவரால் நெம்பினால் குண்டிலிருந்து டக்கென்று கழலும். கிளாம்ப் போல்ட் துருப்பிடித்திருக்கும் என்பது கிட்டத்தட்ட நிச்சயம்; முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து வையுங்கள். நீண்ட கம்பியை வெளியே எடுக்கச் சில கார்களில் புகைக்குழாயை அதன் ரப்பர் வளையங்களிலிருந்து விடுவித்துச் சற்றே தாழ்த்த வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்ததும் பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) கழுவித் துடையுங்கள். பழைய கிரீஸும் மணலும் சேர்ந்த கறுப்புப் பசை, அரைத்துத் தேய்க்கும் கல்லுக்குச் சமம். அதன் மேலேயே புதிய கிரீஸைப் பூசினால் வேலை செய்ததற்கே அர்த்தம் இல்லை. இரும்புக் குண்டுகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அந்தக் குண்டு புதிய கிண்ணத்தையும் தின்றுவிடும். செலக்டர் தண்டு கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் அந்த சீலையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது, இன்னொரு முறை இதே இடத்தில் படுக்கவேண்டிய தேவை இருக்காது.

புதிய கிண்ணங்களைக் குண்டின்மேல் அழுத்தும்போது சுத்தியலை எடுக்காதீர்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டு வைத்தால் பிளாஸ்டிக் இளகும். துணியால் பிடித்து, குண்டின் மேல் வைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்தம் கொடுத்தால் உட்கார்ந்துவிடும். நான் முதல் கிண்ணத்தைத் தட்டி உடைத்த பிறகுதான் இந்த வழியைத் தெரிந்துகொண்டேன். என் மகள் அடுப்பிலிருந்து கொண்டுவந்த தேநீர்ப் பாத்திரத்தை அதற்குப் பிறகு சமையலறைக்குள் திரும்ப அனுமதிக்கவில்லை. அசிட்டால் புஷ்ஷுக்குள் லித்தியம் கிரீஸ் மெல்லியதாகப் போதும். பாலியூரித்தேனுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. லீவரின் குண்டுக்குத் தாராளமாகவே பூசலாம், ஏனென்றால் அந்த இடம் உறைக்குள் மூடி இருப்பதால் மணல் சேராது.

சரிக்கட்டலில்தான் பொறுமை வேண்டும். கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளாம்ப் போல்ட், கம்பியும் முனைத் துண்டும் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக நகரும் அளவுக்குத் தளர்ந்திருக்க வேண்டும். லீவர் தட்டில் உள்ள துளைகளும் அதன் கீழுள்ள கூட்டின் துளைகளும் நேருக்கு நேர் வரும்படி தட்டை நகர்த்தி இறுக்குங்கள். பிறகு அடியில், லீவரோடு அசையும் விரல் போன்ற துண்டு, தடுப்புத் தகட்டின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். லீவரைக் கீழே அழுத்தாமல் ரிவர்ஸ் விழாதபடி காப்பது இந்தத் தகடுதான். விரல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், அந்தப் பக்கத்து வரிசை கியர்கள் உறுத்தும், அல்லது ரிவர்ஸ் தடுப்பே இல்லாமல் போகும். விரலை நடுவில் பிடித்தபடியே இன்னொருவரைக் கொண்டு கிளாம்பை இறுக்குங்கள். முன்பு போட்ட பெயிண்ட் கோடு தொடக்க இடத்தைக் காட்டும். புதிய புஷ்கள் சேர்ந்ததால் இறுதி இடம் அதிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகி அமைவது இயல்பு. எஞ்சினை இயக்காமல் எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் முழு ஆழம் வரை போய் நிற்க வேண்டும், பாதியில் ரப்பர் போல எதிர்த்துத் தள்ளக் கூடாது.

இவ்வளவும் ஆன பிறகு இரண்டு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள் என்பது என் ஆலோசனை. பாதிப் பேருக்கு அதன்பின் ஷார்ட் ஷிஃப்டர் ஆசையே போய்விடும். அப்போதும் வேண்டுமென்றால், வீச்சை இருபது இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறைக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் போனால் விசை கூடுவதோடு, சிங்க்ரோ தன் வேலையை முடிக்கும் முன்பே கை கியரைத் திணித்துவிடும். குண்டு மேலே ஏறும் வகை ஷிஃப்டரில் லீவரின் அடிமுனை அதே அளவுக்குக் கீழே இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பொருத்திய பின் முதலாம், இரண்டாம் கியர்களிலும், குறிப்பாக ரிவர்ஸுக்காக லீவரைக் கீழே அழுத்தும்போதும், அடிமுனை புகைக்குழாயின் வெப்பத்தகட்டில் உரசுகிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். என் காரில் உரசியது. தகட்டை லேசாகத் தட்டி உள்வாங்கச் செய்த பிறகுதான் ரிவர்ஸ் ஒழுங்காக விழுந்தது. லீவரை அறுத்துக் குட்டையாக்கும் மலிவு வழியும் இருக்கிறது. அதுவும் வீச்சைக் குறைக்கும், விசையைக் கூட்டும். ஆனால் திரும்ப நீட்ட முடியாது. ஷிஃப்டர் மாற்றினால் சரிக்கட்டலை முதலிலிருந்து மறுபடியும் செய்ய வேண்டும்.

சோதனை ஓட்டத்துக்கு நெடுஞ்சாலை உதவாது. அங்கே ஐந்தாம் கியரிலேயே நேரம் போய்விடும். சாட்ஸ்வொர்த்தின் ஏற்ற இறக்கத் தெருக்கள் போல, நிமிடத்துக்கு நான்கு முறை கியர் மாற்றவேண்டிய இடத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்ற இறக்கங்களையும், ஐந்திலிருந்து நான்குக்கு வரும் அந்தக் குறுக்கு நகர்வையும் மெதுவாகச் செய்து பாருங்கள். கையைத் தளர்த்தி லீவரைப் பின்னோக்கி இழுத்தாலே நான்கில் விழ வேண்டும். கை வழிகாட்ட வேண்டியிருந்தால் விரல் இன்னும் நடுவில் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை அடியில் படுத்து கிளாம்ப் போல்ட்டை ஸ்பேனரால் சோதியுங்கள். புதிய புஷ்கள் தம் இடத்தில் அமரும்போது அது சிறிது தளர்வதுண்டு. என் காரில் கால் சுற்று இறுகியது.